லெவல் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு சூரியன்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். சாலைகளுக்குப் படம் போடும் அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். "அண்ணாச்சி, ஒரு எடத்துல ரோட்டுக் கரையோட அளவு மாறிப்போச்சு. சர்வேக்காரர் குடுத்தது தப்பு. லெட்டர் எழுதணும். அவர் தப்புன்னே எழுதிரவா? நீங்க இருந்தா எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டார்.

நான் ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன. 'அளவு மாறிப்போச்சு' என்பதற்கு மட்டும் இன்னும் மாத்திரை வரவில்லை. "நாளைக்குச் சொல்லுதேன் தம்பி" என்று போனை வைத்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். நாளைக்கு என்று சொல்லி ஏழு நாளாகிவிட்டது. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது கோவில்பட்டியில், தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் கடையின் மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன அலுவலகம். சாலையை அகலப்படுத்த வேண்டும், உயர்த்த வேண்டும் என்றால் அதற்கு அளவெடுத்துப் படம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது மேலே என் மேஜை அதிரும். என் கோடுகள் அங்கங்கே நெளிந்ததற்கு இருபது வருஷமும் அந்த இயந்திரத்தையே காரணம் சொல்லிவந்தேன். இயந்திரம் ஓடாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலும் கோடு நெளிந்தது. அன்றைக்குக் காற்று.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ.டி.ஐ.யில் படவரைவு படித்தேன். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் மற்றவர்களுடைய மைப்பேனாக்களைக் கழுவினேன். மூன்றாம் வருஷம் எனக்கென்று ஒரு பேனா கொடுத்தார்கள். அதையும் நான்தான் கழுவினேன்.

என் வேலையில் பெரும்பகுதி குறுக்குவெட்டு. கடலை மிட்டாய்ப் பாளத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி, சாலையை இருபத்தைந்து மீட்டருக்கு ஒருமுறை குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று வரைவது. முதலில் இப்போது இருக்கிற தரை. அதன்மேல் வரப்போகிற சாலை: நடுவில் தார், இரண்டு பக்கமும் மண் ஓரம், அங்கிருந்து கீழே இறங்கும் கரைச்சரிவு. அந்தச் சரிவு போய்த் தரையைத் தொடுகிற இடம்தான் முக்கியம். தரை பள்ளமாக இருந்தால் சரிவு தூரமாகப் போய்த் தொடும். மேடாக இருந்தால் கிட்டத்திலேயே முடிந்துவிடும். அதுவரை உள்ள நிலம் சாலைக்குப் போய்விடும். காகிதத்தில் அது ஒரு புள்ளி. தரையில் அது யாரோ ஒருவருடைய வேலி, மிளகாய்க் களம், கிணறு.

தரையின் அளவுகளைக் கொண்டுவருகிறவர் செண்பகராஜ் அண்ணன். முக்காலியில் மேடுபள்ளம் பார்க்கிற லெவல் கருவியை வைத்து, தூரத்தில் அளவுகோலைப் பிடித்து நிற்பவரைப் பார்த்து, லெவல் புத்தகத்தில் இடது, நடு, வலது என்று எழுதிக்கொண்டே வருவார். எது இடது என்பதற்கு ஒரு விதி உண்டு. சாலை கிளம்புகிற ஊருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அப்போது இடக்கைப் பக்கம் இருப்பது இடது. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே விளாத்திகுளம் பக்கம் போகிற சாலை என்றால் வடக்கு இடது, தெற்கு வலது.

செண்பகராஜ் அண்ணனுக்கு விதியைவிட வெயில் பெரிது. காலையில் கிழக்கே பார்த்துக் கருவியில் கண்ணை வைத்தால் சூரியன் நேராகக் கண்ணுக்குள் இறங்கிவிடும். நிழலுக்கு உடைமரம்கூட யோசித்து யோசித்து நிற்கிற கரிசல் காடு அது. அதனால் முதல் பஸ்ஸில் அன்றைய வேலையின் கடைசி முனைக்குப் போய் இறங்கி, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, மேற்கே பார்த்து அளந்து வருவார். மத்தியானத்துக்கு மேல் மிச்சத்தைக் கிழக்கே பார்த்து அளப்பார். காலைப் பக்கங்களின் ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு சூரியன் போட்டுவைப்பார். சின்ன வட்டம், சுற்றி ஏழெட்டுக் கோடு. சூரியன் இருந்தால் அவருடைய இடது நம்முடைய வலது.

இது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவ்வளவுதான். சூரியனைப் பார்த்தாலே என் கை தானாக இடவலம் மாற்றி வரையும். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என் வாழ்க்கையில் நான் தப்பாமல் செய்த ஒரே காரியம் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

இந்தப் படங்களெல்லாம் போய்ச் சேருகிற இடம் ஞானதுரை சாரின் மேஜை. எங்கள் பொறியாளர் அவர்தான். கத்தமாட்டார். கத்தினால் தேவலை என்று நாங்கள் ஏங்கியது உண்டு. சட்டைப்பையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புப் பென்சில் வைத்திருப்பார்; இரண்டு முனையும் சீவியிருக்கும். படத்தில் தப்பு இருந்தால் சுழிக்கமாட்டார், அடிக்கமாட்டார். அந்த இடத்தில் பென்சிலைப் படுக்கவைப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். டீ குடிக்கக் கீழே போய்விடுவார். திரும்பி வருவதற்குள் நாமே கண்டுபிடித்துவிட வேண்டும்.

இரண்டு முனையும் சீவிய பென்சிலில் எந்த முனை தப்பைக் காட்டுகிறது என்பதுதான் எங்களுக்குத் தீராத சந்தேகம். நான் இரண்டு பக்கமும் திருத்திவைப்பேன். ஒருமுறை அப்படித் திருத்தியதில், சரியாக இருந்த ஒரு பாலம் ஒன்றரை மீட்டர் மேலே ஏறிவிட்டது. திரும்பி வந்தவர் அதையும் பார்த்தார். மறுபடியும் பென்சிலைப் படுக்கவைத்தார். அன்றைக்கு மட்டும் நாலு டீ குடித்தார்.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. படம் வரைகிறவர்கள் நாங்கள் மூன்று பேர்; வந்தது ஒன்று. ஒருவர் மகனோடு திருப்பூர் போய்விட்டார். இன்னொருவர் கீழே அச்சுக்கடையிலேயே சேர்ந்துகொண்டார். நான் மட்டும் தப்பித்தேன், எனக்கு டைப்ரைட்டிங் தெரியும் என்று சொல்லி. லோயர் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவன் என்பதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மதுரையிலிருந்து ஒரு பெண் வந்து மூன்று நாள் சொல்லிக்கொடுத்தாள். அதில் ஒரு நாள், "சார், மவுசைத் தூக்காதீங்க, தேய்ங்க" என்பதிலேயே போயிற்று. மிச்சம் இரண்டு நாளில் விஷயம் விளங்கியது. சாலை போகிற வழியையும் அதன் உயரத்தையும் கொடுத்துவிட வேண்டும். முறுக்கு அச்சு மாதிரி சாலைக்கு ஒரு அச்சை, தார் இவ்வளவு, ஓரம் இவ்வளவு, சரிவு இவ்வளவு என்று ஒரே ஒரு தடவை செய்துவைக்க வேண்டும். அப்புறம் லெவல் புத்தகத்தைப் பார்த்துத் தரையின் அளவுகளைக் கட்டம் கட்டமாகத் தட்ட வேண்டும். நடுவிலிருந்து இடப்பக்கத் தூரத்துக்கு மைனஸ், வலப்பக்கத் தூரத்துக்கு வெறும் எண். ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த அச்சு ஒவ்வொரு தரை மேலும் போய்த் தானாக உட்கார்ந்துகொள்ளும். நான் இரண்டு மாதம் குனிந்து வரைகிற குறுக்குவெட்டுகள், டீ ஆறுவதற்குள் வரிசையாக வந்து நின்றன.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்தது. கையால் வரையும்போது ஒரு தப்புக்கு ஒரு தாள்தான் பாழாகும். இதில் ஒரு எண்ணின் தசமப் புள்ளியை விட்டுவிட்டால் போதும். ஒருநாள் அப்படி விட்டதில் எட்டயபுரம் பக்கம் ஒரு மலை முளைத்துவிட்டது. அதற்கப்புறம் தட்டிய எண்ணை மூன்று தடவை சரிபார்ப்பேன். உதட்டை அசைத்து எண்ணி எண்ணித் தட்டுவதைப் பார்த்து, நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று கீழே டீக்கடை வரை பேச்சு. எண்களிலேயே உயிர் இருந்ததால் தரையை நான் மறந்தே போனேன். அது அப்போது தெரியவில்லை.

அந்த வருஷம்தான் விளாத்திகுளம் பக்கம் போகிற சாலையில் ஒரு துண்டு எங்களிடம் வந்தது. சாலை ஓடையை ஒட்டிப் போகிற இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுகிறது, சாலையை ஒரு மீட்டர் உயர்த்த வேண்டும். செண்பகராஜ் அண்ணன் பங்குனி வெயிலில் அளந்து இரண்டு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். தட்டினேன், மூன்று தடவை சரிபார்த்தேன், பொத்தானை அமுக்கினேன். ஞானதுரை சார் நூற்றுச்சொச்சம் தாளையும் புரட்டினார். பென்சில் பையைவிட்டு வெளியே வரவில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு போட்டேன். படங்கள் ஒப்பந்தக்காரருக்குப் போயின.

ஆவணியில் ஒரு மத்தியானம். சார் திருநெல்வேலி போயிருந்தார். அலுவலகத்தில் நான் மட்டும். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா படியேறி வந்து மூச்சு வாங்க நின்றார். கையில் ஆட்டுக்குக் குழை இழுக்கிற தொரட்டிக் கம்பு, அதை எங்கே சாத்துவது என்று பார்த்து என் கம்ப்யூட்டர் மேலேயே சாத்தினார்.

"இங்கன ரோட்டுக்குப் படம் போடுத ஆளு யாரு?"

"நான்தான்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து. அப்படி நிமிர்ந்ததை நினைத்தால் இப்போதும் குனியத் தோன்றுகிறது.

அவர் பெயர் குருவம்மாள். ஓடைக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கிற குடும்பம். "எங் கெணத்துக்கு மேல சுண்ணாம்புக் கோடு போட்டுட்டுப் போயிருக்காவ. நாளைக்குக் காலம்பற எட்டு மணிக்கு மண்ணு கொட்டுதாவளாம். பொறம்போக்குல கெடக்குத கெணறு, கேக்காமக் கொள்ளாம மூடலாம்னு மேஸ்திரி சொல்லுதாரு. எங்க மாமனாரு தோண்டினது. அந்தச் சுத்துவட்டாரத்துல உப்புக் கரிக்காத தண்ணி அது ஒண்ணுதான். ஆறு வீடும் அறுவது ஆடும் அதத்தான் குடிக்குது."

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சங்கடத்தில் எனக்குப் பங்கு உண்டு என்று தோன்றவில்லை. "ரோடு ஒசருதும்மா. கரை அவ்வளவு தூரம் வந்துதான் தீரும். நீங்களே பாருங்க" என்று கம்ப்யூட்டரில் அந்த இடத்தைத் திறந்து காட்டினேன். "இது ரோடு. இந்தா, வடக்க பள்ளம். சரிவு எறங்கி எறங்கி இங்கன வந்துதான் தரையத் தொடுது. ஒங்க கெணறு இதுக்குள்ள வருது. இது நான் போட்டதில்ல, கம்ப்யூட்டர் போட்டது."

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். "வடக்கயா பள்ளம்?"

"ஆமா."

"அண்ணாச்சி, நீரு அந்தப் பக்கம் வந்திருக்கீரா?"

"பஸ்ல எத்தனையோ தடவ போயிருக்கேன்."

"பஸ்ல எந்தப் பக்கம் ஒக்காந்தீரு?"

மவுசைத் தேய்த்தேன்.

"எங்க ஆடு ஓடையில தண்ணி குடிக்க தெக்க எறங்குது. ஒருநாளும் வடக்க எறங்கினதில்ல. என்ன செய்ய, அதுகளுக்குக் கம்ப்யூட்டர் கெடையாது." தொரட்டியை எடுத்துக்கொண்டார். "நாளைக்குக் காலம்பற நான் கெணத்துச் செவரு மேல ஒக்காந்திருப்பேன். கொட்டுதவிய எந் தலையில கொட்டட்டும். நீரு வந்து சரியா விழுதான்னு பாத்துக்கிடும்."

அவர் இறங்கிப் போன பிறகு, அவர் சொன்னதைத் தப்பென்று எனக்கே நிரூபித்துக்கொள்வதற்காகத்தான் லெவல் புத்தகத்தை எடுத்தேன். அந்த ஓடைப் பக்கத்தைத் திருப்பினேன். எண்கள் சரி. நான் தட்டியதும் சரி. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. புத்தகத்தை மூடப் போனேன்.

ஓரத்தில் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த பக்கம். சூரியன். அதற்கடுத்த பக்கமும் சூரியன். இருபது வருஷம் என் கைக்குத் தெரிந்திருந்த விஷயம் என் விரல்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. வரையும்போது பக்கம் முழுவதையும் பார்த்தேன். தட்டும்போது எண்களை மட்டும் பார்த்தேன். கம்ப்யூட்டர் கேட்ட கட்டங்களில் சூரியனுக்கு ஒரு கட்டம் இல்லை. கேட்காததை நான் சொல்லவில்லை. காலையில் அளந்த இடமெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம் போல இடவலம் மாறிக் கிடந்தது.

இவ்வளவு நாள் எப்படித் தெரியவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் கரிசல் தட்டையாகக் கிடக்கிற பூமி. அதை இடவலம் மாற்றினாலும் அப்படியேதான் இருக்கும். சாருடைய கண்ணுக்கும் அதனால்தான் தப்பியது. மாறினால் தெரிகிற இடம் ஓடை ஒன்றுதான்; அங்கே ஒரு கிணறு இருந்தது. கிணற்றின் இடத்தை வேறொரு நாள் தனியாக அளந்திருந்ததால் அது வடக்கே, சரியான இடத்தில் இருந்தது. பள்ளம்தான் என் புண்ணியத்தில் அதனிடம் வந்து சேர்ந்துவிட்டது.

ஒப்பந்தக்காரரின் கொட்டகைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தவர், "சார் கையெழுத்துப் போட்ட படம் எங்கிட்ட இருக்கு. நிறுத்தணும்னா அவியளே வந்து சொல்லட்டும்" என்று வைத்துவிட்டார்.

ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் உட்கார்ந்து அந்த ஓடைப் பக்கத்தின் மைனஸ்களை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் பார்த்தேன். பொத்தானை அமுக்கியதும் வடக்குச் சரிவு பல்லி வால் மாதிரிச் சுருக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. கிணறு வெளியே தனியாக நின்றது. இடையில் நாலு மீட்டர் தூரம். புதுத் தாளை எடுத்துக் கோப்பில் பழையதற்குப் பதில் சொருகிவிட்டால் எங்கள் அலுவலகத்தில் தப்பே நடக்கவில்லை. தாளைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான், பழைய தாளின் நகல் சுண்ணாம்புக் கோடாக ஓடைக்கரையில் கிடக்கிறது என்று நினைவு வந்தது. கம்ப்யூட்டருக்குள் கிணறு பிழைத்துவிட்டது. வெளியில் பிழைப்பதற்கு ஞானதுரை சார் வேண்டும். அவரிடம் சொன்னால் எனக்கு வேலை இருக்குமா என்பது வேறு கேள்வி. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்றுதான் என்னை வைத்திருந்தார்கள். அதுவும் தெரியாது என்றால் என்னிடம் மிச்சம் இருப்பது பேனா கழுவுவது ஒன்றுதான்.

சாயங்காலம் அரைமணி நேரம் மழை பெய்தது. அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பஸ் நிலையத்தில் போய் நின்றேன். திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து சார் இறங்கினார். வணக்கம் கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்: சூரியன், மைனஸ், ஆடு, கிணறு, எட்டு மணிக்கு லாரி. அவர் கண்ணாடியைக் கழற்றினார். என் கண் அவர் சட்டைப்பையைவிட்டு நகரவில்லை.

"லெவல் பெட்டி எங்க இருக்கு, பிச்சையா?" என்றார். அவ்வளவுதான்.

என் மொபெட்டில் கிளம்பினோம். சார் பின்னால், மடியில் லெவல் பெட்டி, தோளில் முக்காலி. அளவுகோலை மட்டும் குறுக்காகப் பிடித்திருந்தார். எதிரே வந்த பஸ்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. பதினைந்து கிலோமீட்டர் அவருடைய மௌனத்தை முதுகில் சுமந்து வண்டி ஓட்டினேன். வண்டி திணறியது சுமையால் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஓடைக்கரையை எட்டும்போது மணி எட்டு தாண்டிவிட்டது. தூரத்திலேயே மண் லாரி ஒன்று சாலையைவிட்டு வடக்கே இறங்கிக் கிணற்றுப் பக்கம் சாய்ந்து நிற்பது தெரிந்தது. நான் பிரேக்கைப் பிடித்த பிடியில் சாருடைய கண்ணாடி என் தோளில் வந்து உட்கார்ந்தது.

கிட்டே போனால், லாரி கொட்டவில்லை. கொட்டுவதற்காகப் பின்பக்கமாகக் கரிசலில் இறங்கியது, முந்தின நாள் மழையில் ஊறிய மண்ணில் அச்சுவரை புதைந்துவிட்டது. டிரைவர் சக்கரத்துக்கு முன்னால் கற்களைப் போட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கத்துக்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையே ஒரு ஆள் நீளம்தான் இருக்கும். அந்தச் சுவர் மேல் குருவம்மாள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆடுகள்.

"வந்துட்டீரா? நல்ல சமயத்துக்கு வந்தீரு. இப்பத்தான் கொட்டலாமா வேண்டாமான்னு பேசிக்கிட்டு இருக்காவ" என்றார்.

மேஸ்திரி படத்தை விரித்தார். "சார், நீங்க கையெழுத்துப் போட்ட படந்தான். இதுல இப்படித்தான் இருக்கு."

"பாத்துச் சொல்லுதேன். அதுவரைக்கும் ஒரு கூடை மண்ணு விழக்கூடாது" என்று சார் சாலை நடுவில் முக்காலியை ஊன்றினார். என்னிடம் கோலை நீட்டினார். இருபது வருஷம் நிழலில் உட்கார்ந்து அளவுகளை வாங்கியவன், முதல் தடவையாகக் கோல் பிடிக்கப் போனேன்.

வடக்கே இறங்கினேன். நாலாவது எட்டில் ஒரு செருப்பைக் கரிசல் வாங்கிக்கொண்டது. ஏழாவது எட்டில் இன்னொன்றையும். கால் ஒவ்வொன்றிலும் அரைப்படி மண் ஒட்டி, ஆனைக்காலோடு போய்க் கிணற்றருகே கோலை நிறுத்தினேன்.

"தெரியுது. எழுதிட்டேன். தெக்க போங்க" என்றார் சார்.

சாலையைத் தாண்டித் தெற்கே இறங்கினேன். இறங்க இறங்கச் சரிவு நிற்கவில்லை. கடைசியில் வழுக்கி உட்கார்ந்தே இறங்கினேன். நாலு மீட்டர் கோலையும் முழுக்க நீட்டி, தலைக்கு மேல் தூக்காத குறையாக நிறுத்தினேன்.

"சார், தெரியுதா?"

"கோலோட உச்சி கூடத் தெரியல, பிச்சையா. நீங்களும் தெரியல."

அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. மேலேயிருந்து குருவம்மாள் எட்டிப் பார்த்தார். "அதான், ஆடு எறங்குத எடம்" என்றார்.

சார் மேஸ்திரியைக் கூப்பிட்டுப் படத்தின் மேல் கோடிழுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய சுண்ணாம்புக் கோட்டை அழித்து, சாலை நடுவிலிருந்து பத்து மீட்டரில் புதுக்கோடு போடச் சொன்னார். லாரியைக் கயிறு கட்டி முன்னால் இழுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அது அசைந்தபோதெல்லாம் ஒரு சாண் பின்னால் போய்த்தான் முன்னால் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் தப்பை இவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்த கரிசல், கடைசி நிமிஷத்தில் விட்டுவிடுமோ என்று பயம். விடவில்லை.

குருவம்மாள் சுவரைவிட்டு இறங்கி ஒரு வாளி தண்ணீர் இறைத்தார். முதலில் சாருக்குக் கொடுத்தார். அப்புறம் டிரைவருக்கு. அப்புறம் தொட்டியில் ஊற்றி ஆடுகளுக்கு. எல்லாம் குடித்து முடிந்த பிறகு என் பக்கம் திரும்பி, "நீரும் குடியும்" என்றார். குடித்தேன். உப்புக் கரிக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அன்றைக்கே இரண்டு புத்தகத்தையும் எடுத்து வைத்து, சூரியன் போட்ட பக்கங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பித் தட்டினேன். சார் எதிரே உட்கார்ந்து வாசித்தார். வேறெங்கும் யாருக்கும் சேதமில்லை. எல்லாம் தட்டைக் காடு. ஆனாலும் ஒரு பக்கத்தையும் விடக்கூடாது என்று விட்டார். முடித்ததும், "ஒப்பந்தக்காரருக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. படம் ஏன் மாறுச்சுன்னு சொல்லணும்" என்றார்.

லெட்டர் எழுதுவதில் நான் கெட்டிக்காரன். இருபது வருஷம் அச்சு இயந்திரத்தின் மேல் பழி போட்டுப் பழகியவன். 'கள அளவீட்டுப் புத்தகத்தில் நேர்ந்த பிழையின் காரணமாக' என்று அழகாகத் தொடங்கி அரைப்பக்கம் எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் என்று சொல்ல முடியாது. விதிப்படி பார்த்தால் செண்பகராஜ் அண்ணன் எழுதியது விதிக்கு மாறானதுதான். அவர் அப்போது புதூர்ப் பக்கம் அளந்துகொண்டிருந்தார். கேட்பதற்கு ஆள் இல்லை.

சார் வாசித்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்தார். லெட்டர் மேல் படுக்கவைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். டீ குடிக்க இறங்கிப் போனார்.

அந்தப் பென்சிலை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, மேஜை அதிர்ந்தது, பென்சில் அசையவில்லை. ஒரு முனை 'அளவீட்டுப் புத்தகத்தில்' என்ற சொல்லின் மேல் இருந்தது. இன்னொரு முனை மேஜை விளிம்பைத் தாண்டி என் சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த முனை தப்பைக் காட்டுகிறது என்று அன்றைக்கு மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

வேறு தாள் எடுத்தேன். 'புத்தகத்தில் குறி சரியாக இருந்தது. அதன் பொருள் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பதியும்போது நான் அதைக் கவனிக்கவில்லை' என்று மூன்று வரி எழுதி, கீழே என் பெயரை எழுதினேன். பெயர் நெளிந்துவிட்டது.

சார் வந்து வாசித்தார். பெயரின் நெளிவைப் பார்த்து, "மெஷின் ஓடுது போல" என்றார். பென்சிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வேலை போகவில்லை.

தம்பிக்குத் தர வேண்டிய பதில் இதுதான். அவருடைய சர்வேக்காரர் நிஜமாகவே தப்பு செய்திருக்கலாம், எனக்குத் தெரியாது. லெட்டரை எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் அதன்மேல் ஒரு பென்சிலைப் படுக்கவைத்து, ஒரு டீ குடிக்கிற நேரம் பார்க்கச் சொல்லப் போகிறேன். கடையில் கிடைக்கிற பென்சில்களில் ஒரு முனைதான் சீவியிருக்கும். மறுமுனையை அவரே சீவிக்கொள்ளட்டும்.